பாலத்துக்கு அடியில் நின்ற சாமிகள்

போன சனிக்கிழமை மத்தியானம் தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது என் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, கையில் உறை, தலையில் தொப்பி. அவளுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுப் பாலம். பாலத்துக்கு அடியில் ஓடை நுழையும் இடத்தில் வரிசையாக இரும்புக் கம்பிகள். ஒரு கம்பியில் மஞ்சள் துணியொன்று சுற்றிக்கொண்டு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"மா, பாருங்களேன், எவ்ளோ குப்பைன்னு! கொண்டுவந்த பை எல்லாம் ரொம்பிடுச்சி லா," என்று சிரித்தாள்.

எனக்கு அவள் முகம் தெரியவில்லை. அவள் தலைக்கு மேல் மலை இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையைக் காணோம். அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

தீவில் ஆயர் ஈத்தாம் மலையடியில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலை மறைந்தால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். கீழே நிற்பவர் தலையில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. ஓடை மட்டும் மொத்த மழையையும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருக்கும்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன் என்பதே கடல் பாலம் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் இப்போது இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து தீவுக்குப் போகும் சனிக்கிழமை நெரிசலை நீங்கள் அறிவீர்கள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, இரண்டு பக்கமும் கடல். உடம்பு மட்டும்தான் காரில் இருந்தது. நான் பத்து வயதுப் பெண்ணாக அந்தச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ஆமாம், அதே பாலம். என் மகளுக்கு அது தெரியாது. நான் அவளுக்குச் சொன்னதில்லை.

*

எங்கள் வீடு இருந்த வரிசை மலையடியில் ஒரு பள்ளத்தில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்கட்டில் சமையல். சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் ஓடை. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடப் பாடத்தில் பெரிய ஆறுகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தபோதும் எங்கள் ஆறு சின்னது என்று எனக்குத் தோன்றியதில்லை.

காலையில் கால் வைத்தால் குளிர் கணுக்கால் எலும்புவரை ஏறும். அடியில் கூழாங்கற்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அசையாமல் நின்றால் விரல்நீள மீன்கள் வந்து கால் விரல்களைக் கொத்தும். தங்கச்சிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. மீன் கொத்தினால் அவள் கிறீச்சென்று கத்துவாள். கத்திவிட்டு மறுபடியும் காலை நீட்டுவாள். மேலே மலையில் ஜாதிக்காய் பழுக்கும் நாட்களில் தண்ணீரோடு அந்த வாசமும் இறங்கி வரும். அந்த ஓடைக்குக் காவல் என்று யாரும் இல்லை. அதற்குக் காவல் தேவை என்று நினைத்தவரும் இல்லை.

வளைவுக்கு மேலே ஓர் அரசமரம். மரத்தடியில் சூலமும் சின்னக் கோவிலும். அதைப் பார்த்துக்கொண்டவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கனத்த குரல், நெற்றி நிறைய விபூதி. எங்கள் வரிசையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்பா லாரி ஓட்டினார். எவ்வளவு பெரிய லாரியையும் பின்னுக்கு எடுத்துவிடுவார். பெரியப்பா முன்னால் மட்டும் அவருக்கு வாய் திறக்காது.

அந்தக் கோவிலுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கும்பிட மட்டுமில்லை, விடவும் வருவார்கள். நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் சங்கடம்தானே இது. சாமி படம் பழசாகிவிட்டால் என்ன செய்வது? குப்பையில் போட மனம் வராது. எரிக்கவும் கை வராது. அதனால் தண்ணீரில் விடுவோம். ஓடுகிற தண்ணீர் கடலுக்குக் கொண்டுபோய்விடும், கடல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. சட்டத்தோடு, கண்ணாடியோடு, பிளாஸ்டிக் மாலையோடு விட்டார்கள். கருமாதி முடித்தவர்கள் கட்டியிருந்த துணியை அங்கேயே அவிழ்த்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். சனிப் பெயர்ச்சிக்குக் கறுப்புத் துணிகள் வந்தன. விட்டவர் யாரும் அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதானே முறை.

தீபாவளி மாதம்தான் எங்கள் ஊரில் மழை மாதம். வீட்டுக்கு வீடு சாயம் அடித்து, திரைத்துணி மாற்றி, பழைய படங்களை இறக்குவதும் அந்த மாதம்தான்.

அந்த வருஷம் எங்கள் வீட்டு லட்சுமியும் இறங்கினாள். தங்கச்சி வயிற்றில் இருந்த காலத்தில் அம்மா அந்தப் படத்தின் சேலைக் கரை முழுவதும் ஜிகினா ஒட்டியிருந்தார். பசை தொட்ட ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியது. சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது லட்சுமியின் சேலை அசைவது போல மினுங்கும். சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று பெரியப்பா வந்து பார்த்துச் சொன்னார்.

"அரிச்ச படம் வீட்டுல இருந்தா ஆகாது. எறக்கு."

"சட்டத்தை மட்டும் மாத்திக்கலாமே மாமா," என்றார் அம்மா.

"நீ பக்டரிக்குப் போறவ. ஒனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? எறக்குன்னா எறக்கணும்."

அம்மா பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நீல மேலங்கி, வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. அந்தச் சப்பாத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் தேய்த்து வெயிலில் வைப்பார். பெரியப்பா சொன்ன அன்று சாயங்காலமே லட்சுமியை ஓடையில் விட்டார். நான் கூடவே போனேன். படம் சுழன்று சுழன்று, மினுங்கிக்கொண்டே போனது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் தண்ணீர் குறைந்திருந்த நேரத்தில் படத்தைத் தேடிக்கொண்டு பாலம்வரை போனேன். குனிந்து உள்ளே பார்த்தேன். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் பிள்ளையார், முருகன், மீனாட்சி, தலைகீழாக ஒரு சிவன். ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்துகொண்டு நின்றார்கள். இடையிடையே வேட்டியும் சேலையும் கம்பிகளில் முறுக்கேறியிருந்தன. உடைந்த கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லாக்கப்பில் ஆட்களைப் பிடித்து வைத்தது போல இருந்தது. எங்கள் லட்சுமி மேலாக இருந்தாள். ஜிகினா இன்னும் உதிரவில்லை. கை எட்டவில்லை.

ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"பெரியப்பா, பாலத்துக்கு அடியில எல்லா சாமியும் மாட்டிக்கிட்டு நிக்குது!"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "சாமி மாட்டுமாடி, மக்கு? நம்ம வரிசைக்குக் காவல் நிக்குது."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

*

அதற்குப் பிறகு மழை பெய்யும்போதெல்லாம் ஓடை பின்னோக்கி ஏறிச் சமையல்கட்டுக்குள் வரத் தொடங்கியது. முதலில் படிவரை. பிறகு அடுப்புக்கல்வரை. பழுப்புத் தண்ணீர், அதில் செத்த எலி, பிளாஸ்டிக் மாலை. வடிந்த பிறகு தரையில் வழுவழுப்பாக ஒரு சேறு. அதன் நாற்றம் சோற்றில்கூட ஏறியது. அம்மா முறுக்கு டின்னைத் தூக்கித் துணி அலமாரியின் உச்சியில் வைத்தார்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மலையில் காய்கறி போடும் சீன அப்பேக்தான் காரணம் என்று முடிவாயிற்று. வயதான சீனரை நாங்கள் அப்பேக் என்போம். தனி ஆள். சரிவில் பாத்தி கட்டிக் கீரையும் இஞ்சியும் பயிரிட்டு, கூடையில் சுமந்து பாசாருக்கு விற்கக் கொண்டுபோவார். அவர் மலையை வெட்டுகிறார், அந்த மண்தான் வந்து ஓடையை அடைக்கிறது என்றார் பெரியப்பா. பாத்தியிலிருந்து கொஞ்சம் மண் வந்திருக்கலாம். ஓடையை எட்டிப் பார்க்க யாரும் போகவில்லை. மலை ஏறிச் சண்டை போடத்தான் புறப்பட்டார்கள்.

அன்று அப்பாவுக்கு லாரி இல்லை. அம்மா காலை வேலைக்குப் போயிருந்தார். மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுத் தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"டேய், வர்றியா இல்ல பொம்பள மாதிரி வீட்டுலயே ஒக்காந்திருக்கப் போறியா?"

அப்பா யோசித்தார். தங்கச்சி எழுந்தால் நேராக ஓடைக்குத்தான் போவாள். அதனால் பின்கதவை உள்ளே தாழிட்டார். முன்கதவை வெளியே பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்," என்று என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். இன்று வரைக்கும் அந்தப் பூட்டு விழுந்த சத்தம் என் காதில் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பூட்டினார்.

மேலே அப்பேக் பாத்திக்கு நடுவே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பெரியப்பா மலாயிலும் தமிழிலும் கத்தினார். அப்பேக் ஒவ்வொரு பாத்தியின் ஓரத்திலும் விட்டிருந்த புல்லைக் காட்டினார். பிறகு கீழே, பாலம் இருந்த திசையைக் காட்டினார்.

"ஆயேர் தா போலே ஜாலான் லா," என்றார். தண்ணீர் போக வழியில்லை என்று. பிறகு இரண்டு கையாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்து, அதைக் கும்பிடுவது போலக் காட்டினார்.

படத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பெரியப்பாவுக்கும் புரிந்தது.

"பாத்தியாடா? சாமியைக் கிண்டல் பண்றான்!" என்று அவர் கையை ஓங்கியபோதுதான் மழை விழுந்தது. துளியாக வரவில்லை. யாரோ மேலிருந்து வாளியைக் கவிழ்த்தது போல வந்தது. பக்கத்தில் நின்ற ஆள் மறைந்தார். அத்தனை பேரும் அப்பேக்கின் கொட்டகைக்குள்ளேயே ஒதுங்கி நின்றோம். யாருடைய இடத்தில் சண்டைக்கு வந்தோமோ அவருடைய கூரைக்குக் கீழே. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மழை சற்று விட்டபோது அப்பா சரிவின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தார்.

எங்கள் வரிசையின் தகரக் கூரைகள் தெரிந்தன. அவற்றைச் சுற்றிப் பழுப்பாக ஒரு குளம். அங்கே குளம் இருந்ததில்லை.

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓடினார்.

*

நான் வழுக்கி விழுந்து எழுந்து பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது அப்பா மார்பளவு தண்ணீரிலிருந்து இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. மிதந்து வந்த மரக்கட்டையும் இழுப்பும் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து பாலத்தோடு சேர்த்தன. தண்ணீர் ஜன்னலின் அடிக்கட்டையைத் தொட்டுவிட்டது. உள்ளேயிருந்து சத்தமில்லை. அழுதாலும் கேட்டிருக்காது. மளிகைக் கடையிலிருந்து யாரோ பொம்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்கள். வழியெல்லாம் வெள்ளம், தீயணைப்பு வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள்.

"பாலத்து வாயைத் தொறந்தா தண்ணி எறங்கிடும்," என்று ஒருவர் கத்தினார்.

அப்போதுதான் எல்லாரும் பாலத்தடியைப் பார்த்தார்கள். முதல் முறையாக. கம்பிகளை மூடிக்கொண்டு ஆள் உயரத்துக்குப் படங்கள்.

அடுத்து நடந்ததை நான் பல வருஷம் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதுதான். இறங்கப்போன ஆண்கள் எல்லாரும் நின்று செருப்பைக் கழற்றினார்கள். அப்பாவும் கழற்றினார். கோவில் வாசலில் விடுவது போலப் பாலத்தின் ஓரத்தில் வரிசையாக விட்டார்கள்.

"படத்து மேல கால் வெக்காதடா! பாத்து எடு!" என்று மேலிருந்து பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஓரத்துச் சிமெண்டு விளிம்பில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படமாக இரண்டு கையாலும் உருவி மேலே நீட்டினார்கள். மேலே நின்றவர் வாங்கி, துண்டால் சேற்றைத் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தார். பிள்ளையார் வந்தார். முருகன் வந்தார். ஒரு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டவரைப் பெரியப்பா திட்டி நிமிர்த்தி வைக்கச் சொன்னார். அதற்குள் தண்ணீர் ஜன்னலின் பாதியைத் தாண்டியது. அப்பாவின் பாதத்தில் கண்ணாடி ஏறியிருந்தது. அவர் நின்ற இடத்தில் தண்ணீர் சிவந்து சிவந்து கலைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆனாலும் காலை மட்டும் படத்தின் மேல் வைக்கவில்லை.

தொழிற்சாலை பஸ் சாலையில் வந்து நின்றது. அம்மா இறங்கினார். நீல மேலங்கி, குடை, சாப்பாட்டுப் பை. கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சின்னவ எங்க?"

நான் வீட்டைக் காட்டினேன்.

"யாரு கூட இருக்கா?"

அப்பா கீழேயிருந்து தலையைத் தூக்கினார். "உள்ள... பூட்டிட்டுப் போனேன்," என்றார்.

அம்மா கத்துவார் என்று நினைத்தேன். அவர் குடையை என் கையில் கொடுத்தார். பையையும் கொடுத்தார். பாலத்தின் சுவரில் ஏறி உட்கார்ந்து கால்களை அந்தப் பக்கம் போட்டார்.

"ஏய், சப்பாத்தைக் கழட்டு!" என்றார் பெரியப்பா.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அது என்ன பார்வை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு சப்பாத்தோடு குதித்தார்.

படங்களின் மேல்தான் குதித்தார். கண்ணாடி நொறுங்கும் சத்தம் தண்ணீரின் இரைச்சலுக்கு மேலே கேட்டது. "ஐயோ, மிதிக்கிறாளே!" என்று யாரோ சொன்னார்கள். அம்மா மிதித்தார். உதைத்தார். சட்டங்கள் உடைந்து கம்பிகளுக்கு நடுவே சில்லுச் சில்லாக உள்ளே போயின. முறுக்கேறிய வேட்டியின் நுனியைக் கண்டுபிடித்து மேலே எறிந்து, "இழுங்க! நின்னு வேடிக்கை பாக்காதீங்க, இழுங்க!" என்று கத்தினார். மேலே முதலில் அந்தத் துணியைப் பிடித்தது ஓர் ஒல்லியான சுருங்கிய கை. அப்பேக் எங்களுக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். அவர் இழுக்க ஆரம்பித்த பிறகு மற்றவர்களும் பிடித்தார்கள். அப்பா அம்மாவின் மேலங்கிக் காலரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், தண்ணீர் அவரைக் கம்பியோடு இழுத்துக்கொள்ளாமல் இருக்க.

கடைசியாக அம்மாவின் காலுக்குக் கீழே ஏதோ மினுங்கியதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரே ஒரு கணம் அவர் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு ஓங்கி மிதித்தார்.

ஒரு பெரிய மிருகம் மூச்சு விட்டது போலப் பாலத்தடி திறந்தது. குளம் முழுவதும் பாலத்தை நோக்கி நகர்ந்தது. ஜன்னலில் ஈரக்கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே பலகை தெரிந்தது.

இடுப்பளவுக்கு வற்றியதும் அப்பா நீந்துவது போல ஓடிப் பூட்டைத் திறந்தார். தங்கச்சி துணி அலமாரியின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஏறி, அங்கிருந்து அலமாரியில் ஏறியிருக்கிறாள். முறுக்கு எடுக்க ஏறினாளா, தண்ணீருக்குப் பயந்து ஏறினாளா, யாருக்கும் தெரியாது. மடியில் டின் இருந்தது. வாய் நிறைய முறுக்கு.

*

இதில் நான் நம் வயதுக்காரர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது வெள்ளத்தை இல்லை. அதற்குப் பின் நடந்ததை.

தீபாவளி முடிந்து சில நாட்களில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாயிற்று, கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலி மூத்திரத்துக் கிருமி, வெள்ளத் தண்ணீரில் வெட்டுக்காயத்தோடு நின்றிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். பெரியப்பா வேறொன்று சொன்னார்.

"மிதிச்சது அவ. காலு போனது இவனுக்கு. சாமி கணக்கு தப்பாது."

அப்பா பிழைத்தார். ஆனால் காலில் பழைய பலம் திரும்பவில்லை, லாரியும் போயிற்று. டாக்டர் சொன்னது ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. பெரியப்பா சொன்னதுதான் வீட்டுக்கு வந்தது. அந்த வெள்ளக் கதையே கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டது: படங்களை மரியாதையாக எடுத்து வைத்ததும் சாமி மனமிரங்கித் தண்ணீரை வடித்தது என்று. தங்கச்சி அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அப்பேக் கொஞ்ச நாளில் மலையை விட்டுப் போய்விட்டார். அந்தக் கை அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. ஓடையில் படம் விடுவதும் நிற்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுத்தார். முட்டி தேயும்வரை எடுத்தார். எதற்கு வேண்டுதல் என்று கேட்டால் சொல்ல மாட்டார். கடைசி வருஷங்களில், நான் அவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார்.

"லட்சுமி மேல மிதிச்சேன்ல. நான்தானே ஜிகினா ஒட்டுனேன். தெரிஞ்சேதான் மிதிச்சேன்."

அது கிருமிம்மா, எலிக்காய்ச்சல்ம்மா என்று எவ்வளவோ சொன்னேன். தலையாட்டினார். நம்பவில்லை.

*

போன சனிக்கிழமை நான் அந்தச் சின்னப் பாலத்தை எட்டியபோது அங்கே மழை இல்லை. வெயில்கூட லேசாக இருந்தது. ஓடை தெளிவாக ஓடியது. ஆனால் சத்தம் மாறியிருந்தது. கூழாங்கற்களின் கலகலப்பு அடங்கி, அடியில் ஒரு முனகல். சின்னச் சின்னப் பச்சை இலைகள் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. மகளோடு ஓடையைச் சுத்தம் செய்ய வந்த பிள்ளைகள் மூன்று நான்கு பேர் கரையில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் கம்பிக்கு அருகில் தண்ணீரில் நின்றாள். பாலத்தின் மேல் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர்.

"பாப்பா, அங்க முருகர் படம் ஒண்ணு கெடக்குது பாரு. மிதிச்சிடாதம்மா. சப்பாத்தைக் கழட்டிட்டு எடு."

நல்லவிதமாகத்தான் சொன்னார். என் மகளும் நான் வளர்த்த பிள்ளைதானே. "சரி அங்கிள்," என்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒரு சப்பாத்தை இழுத்தாள்.

"கழட்டாத!"

அது என் குரல் போலவே இல்லை. கரையிலிருந்த பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்தார்கள். "மேல ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!" என்று கத்திக்கொண்டே நான் போட்டிருந்த செருப்போடு சரிவில் இறங்கினேன். மகள் பாதி கழற்றிய சப்பாத்தோடு ஒற்றைக்காலில் தடுமாறினாள். அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தபோது என் காலுக்குக் கீழே கண்ணாடி நொறுங்கியது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது.

"மா, படம்..."

"வாடி!"

நாங்கள் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் வளைவைத் தாண்டிப் பழுப்பாக வந்தது. கட்டையும் கிளையுமாக, இடுப்புயரச் சுவர் போல. அவள் நின்ற இடத்தை அது கடந்தபோது கம்பிகள் அதிர்ந்தன. மஞ்சள் துணி இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் தேங்கவில்லை. பிள்ளைகள் காலையிலிருந்து சுத்தம் செய்திருந்த பாலத்து வாய் அத்தனையையும் வாங்கிக் கடலுக்கு அனுப்பியது. நான் அதையும் பார்த்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. எதையாவது சொல்ல வேண்டும் என்பது போல, "படத்தை மிதிச்சிட்டியேம்மா," என்றார்.

"ஆமாண்ணே," என்றேன். "மிதிச்சிட்டேன்."

காரில் மகள் ஈரச் சப்பாத்தைக் கழற்றிக் காலடியில் வைத்தாள். பிறகு, "அந்த அங்கிளை நெனச்சா பாவமா இருக்குமா. படத்தை என்ன பண்றதுன்னு அவங்க யாருக்கும் தெரியல, அவ்ளோதான். கண்ணாடியைக் கழட்டிட்டு, தாளை மட்டும் வாளித் தண்ணில ஊறவெச்சு மரத்தடியில ஊத்துனா போதும் தானே. அதுக்கு எதுக்கு ஆறு?" என்றாள். "ஏன்மா அப்படிக் கத்துனீங்க?"

அன்று ராத்திரி பழைய சாமி படங்களை இறக்கிக் கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

மறுநாள் தங்கச்சி பிள்ளைகளோடு தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்தாள். வீட்டில் மின்காற்றாடிக்கு நேராக இருப்பது சாமி மேடைக்கு முன்னால் உள்ள இடம்தான். அங்கே தாள் விரித்து மகளின் ரப்பர் சப்பாத்தைக் காய வைத்திருந்தேன். பக்கத்தில் வாளி, அதில் அம்மா விட்டுப்போன பழைய படங்களின் தாள்கள் ஊறிக்கொண்டிருந்தன.

"அக்கா! ஒனக்கென்ன பைத்தியமா? சாமி மேடை முன்னுக்கா சப்பாத்து வெப்ப?"

"இருக்கட்டும். ஒக்காரு," என்றேன்.

அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். பூட்டிலிருந்து ஆரம்பித்து, ஜிகினாவரை. என் மகள் கதவோரம் நின்று கேட்டாள்.

"எனக்கு முறுக்கு டின்னு மட்டும்தான் ஞாபகம் இருக்கு," என்றாள் தங்கச்சி கடைசியில். "சந்தோஷமா தின்னுக்கிட்டு இருந்தேன்னு நெனப்பு."

எழுந்து சாமி மேடைப் பக்கம் போனாள். சப்பாத்தை அப்புறப்படுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து, ஒன்றை எடுத்து, உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

"உள்ள இன்னும் காயல," என்றாள்.

இரண்டையும் காற்றாடிக்கு வாய் காட்டித் திருப்பி, அதே இடத்தில் வைத்தாள்.